உடையாத கூரை என்று ஒன்று இல்லை

“நாப்பது வருஷமா இந்த ஷீட்டுக்குக் கீழதான் படுத்துத் தூங்குறோம். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?” ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் முதலில் வரும் பதில் இதுதான். வீட்டுக்காரரும் மேஸ்திரியும் ஷீட் விற்கும் கடைக்காரரும் இதையே சொல்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னும் மூன்று வாதங்களைச் சேர்ப்பார்கள். நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது, உடையாத வரை ஒன்றும் செய்யாது. நம் நாட்டுக்கு வருவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், மேல்நாட்டில் ஆட்களைக் கொன்றது நீலமும் பழுப்பும். இதையும் வேண்டாம் என்றால் ஏழை எதைத்தான் தலைக்கு மேல் போடுவான்? நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் வாதங்கள் இவை. ஆனால் ஒன்றுகூடத் தேறாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட கூரைகளை நாம் இப்போதுதான் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இதைத் தள்ளிப்போடாமல் இப்போதே பேசியாக வேண்டும்.

அவர்கள் பக்கம் உள்ள உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். விரிசல் விடாத, துளை போடாத, யாரும் சுரண்டாத ஷீட்டுக்குக் கீழே வாழ்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஷீட்டின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நார். மிச்சம் சிமெண்டும் சாம்பலும் காகிதக்கூழும். சிமெண்ட் அந்த நாரைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதும் உண்மைதான். இதைப் படித்துவிட்டுப் பதறி, நாளைக்கே ஆள் விட்டுக் கூரையைப் பிய்க்கச் சொன்னால், இல்லாத ஆபத்தை நாமே வீட்டுக்குள் வரவழைத்ததாகும். நல்ல நிலையில் இருப்பதைத் தொடாமல் கண்காணித்து வையுங்கள் என்றுதான் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்த பிரிட்டனும் தன் மக்களுக்குச் சொல்கிறது.

ஆனால் “உடையாத வரை” என்று ஒரு நிபந்தனை வைக்கிறார்களே, அதை எந்த ஷீட் கடைசிவரை நிறைவேற்றியிருக்கிறது? தேங்காய் விழுகிறது. குரங்கு குதிக்கிறது. டிஷ் ஆண்டெனாவுக்குத் துளை போடுகிறோம். மழையும் வெயிலும் மேற்பரப்புச் சிமெண்டை வருஷா வருஷம் அரித்து, பாசி பிடித்த சொரசொரப்பில் நார் வெளியே தெரியத் தொடங்குகிறது. கோடையில் சூடு தாங்காமல் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறவர்கள், அதற்கு முன் காய்ந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுகிறார்கள். இவையெல்லாம் சில்லறைச் சேதங்கள். மகனுக்கு நல்ல வேலை கிடைத்து, ஷீட் வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டலாம் என்று குடும்பம் முடிவு செய்கிறதே, அன்றைக்குத்தான் மொத்தச் சேதமும் வருகிறது. எந்த ஷீட்டுக்கும் அந்த நாள் உண்டு.

சில வருஷங்களில் அந்த நாளைப் புயல் குறித்துவிடுகிறது. 2011-ல் கடலூரைத் தானே புயல் புரட்டிப்போட்டது. 2016-ல் சென்னைக்கு வர்தா. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்திலிருந்து தஞ்சை, புதுக்கோட்டை வரை கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. இப்படிப்பட்ட இடிபாடுகளை வெறுங்கையால் அள்ளுவதில் உள்ள ஆபத்தை ஜப்பான் கண்டு சொல்லியிருக்கிறது. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே இடிபாடுகளை அகற்றும் வேலை செய்தவர்களில் சிலர், பல வருஷம் கழித்து மீசோதிலியோமா வந்து இறந்தார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய் அது. ஆஸ்பெஸ்டாஸைத் தவிர அதற்கு வேறு காரணம் காண்பது அரிது.

பழைய வீடு இடிபடுவதைத் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அடுத்து நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. இடிப்புக் காண்ட்ராக்ட் எடுத்தவருக்குக் கதவு, ஜன்னல், உத்திரம், இரும்பு, முழுச் செங்கல் எல்லாம் காசு. ஷீட்டுக்கு அந்த மதிப்பு இல்லை. அதைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட்டுகள் பல வருஷத் துருவில் இறுகிப்போயிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்ற ஒரு நாள் கூலி கூடுதலாகும். எனவே சம்மட்டி. மேலே ஒருவர் அடிக்க, துண்டுகள் தரையில் விழுந்து இன்னும் பொடியாகின்றன. கீழே சித்தாள் பெண்கள் அவற்றைச் சட்டியில் வாரி லாரியில் கொட்டுகிறார்கள். கடைசியில் தென்னந்துடைப்பத்தால் இடம் முழுக்கக் காய்ந்தபடியே பெருக்கப்படுகிறது. மூக்குக்குப் பாதுகாப்பு முந்தானைதான், அதுவும் கை காலியாக இருக்கும்போது மட்டும். உடையாமல் தப்பிய ஷீட்டுகள் மாட்டுக் கொட்டகைக்கோ கழிப்பறைக்கோ டீக்கடைப் பந்தலுக்கோ விலை போகும்; போகிற இடத்தில் அளவுக்குத் தகுந்தபடி கட்டிங் மெஷினால் அறுக்கப்படும். இந்த வரிசையில் மிக மோசமானது அந்த மெஷின்தான். சுழலும் பிளேடு ஷீட்டைத் தொட்டதும் எழும் சாம்பல் நிறப் புகைக்குள், சிமெண்ட் இத்தனை காலம் பிடித்துவைத்திருந்த நார் மொத்தமாக விடுதலையாகிறது.

வேலை முடிந்ததும் அந்தப் பெண் அதே சேலையோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறாள். வாசலில் ஓடிவரும் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறாள். 1965-ல் லண்டனில் மீசோதிலியோமா நோயாளிகளின் பின்னணியைத் தேடிய மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள், ஆலைக்குள் காலே வைக்காத பெண்களை அந்தப் பட்டியலில் கண்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்குப் போன கணவனின் உடைகளைத் துவைத்தவர்கள் அவர்கள். ஆலையிலிருந்து அரை மைல் தூரத்துக்குள் குடியிருந்தவர்களும் இருந்தார்கள்.

தூசியால் என்ன ஆகிவிடும், சிமெண்ட் தூசியைத் தினமும் தின்றுதானே பிழைக்கிறோம் என்று தொழிலாளர்களே கேட்பதுண்டு. எல்லாத் தூசியும் ஒன்றில்லை. பெரும்பாலான தூசியைச் சளியும் இருமலும் வெளியே கொண்டுவந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் நார் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும் தன்மை உடையது. மூன்று மைக்ரானுக்கும் மெல்லியதாக, ஐந்து மைக்ரானுக்கும் நீளமாக இருக்கும் இழைகளைத்தான் ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள்; தலைமுடியின் தடிமன் பொதுவாக ஐம்பது மைக்ரானுக்குக் குறையாது. கண்ணுக்குத் தெரியாத, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும் அந்த இழை மூச்சோடு சேர்ந்து நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடுகிறது. அதை விழுங்கிச் செரிக்க வரும் நம் உடலின் செல்கள், தம்மைவிட நீளமான இழையை விழுங்க முடியாமல் தாமே சிதைகின்றன. அங்கே தொடங்கும் அழற்சி ஓய்வதில்லை. பல வருஷம் கழித்து அது நுரையீரல் தடிப்பாக, அதாவது ஆஸ்பெஸ்டோசிஸாக வரலாம், நுரையீரல் புற்றுநோயாக வரலாம், மீசோதிலியோமாவாக வரலாம். பீடி குடிக்கிறவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. இரண்டு தீமைகளும் ஒன்றையொன்று பெருக்கிவிடும் என்பதை அமெரிக்காவில் இர்விங் செலிகாஃப்பும் அவருடைய கூட்டாளிகளும் அறுபதுகளிலேயே காட்டிவிட்டார்கள்.

இந்த “பல வருஷம்” என்பதில்தான் நாற்பது வருஷ வாதம் முழுதும் ஒளிந்திருக்கிறது. சுவாசித்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள். இன்று ஈரோட்டிலோ ஆவடியிலோ கூரையை உடைக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் மூச்சுத் திணறி மருத்துவரிடம் போகும்போது 2050-ஐத் தாண்டியிருக்கலாம். அவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால், அந்த மருத்துவர் நம் மாநிலத்திலேயே இருக்க மாட்டார். முதலில் காசநோய் என்பார்கள். பிறகு பீடி என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன் எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கூரையைப் பிரித்தாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்? எங்களுக்குத் தெரிந்து யாருக்கும் வரவில்லை என்று சொல்கிறவர்கள், தங்கள் வீட்டை இடித்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது இன்று சொல்லட்டும்.

எண்ணிப் பார்த்த நாடுகளில் விடை வேறாக இருக்கிறது. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985-லும் வெள்ளையை 1999-லும் தடை செய்தது. அப்படியும் அங்கே இன்றுவரை ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதிலியோமாவால் மட்டும் சாகிறார்கள். சாகிறவர்கள் யார் என்று தேடிய ஜூலியன் பீட்டோவும் குழுவினரும் ஆலைத் தொழிலாளர்களைவிடக் கட்டட வேலைக்காரர்களைத்தான் அதிகம் கண்டார்கள்: தச்சர்கள், பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள். 1940-களில் பிறந்து, முப்பது வயதுக்குள் பத்து வருஷத்துக்கு மேல் தச்சு வேலை பார்த்த பிரிட்டிஷ் ஆண்களில் ஏறக்குறைய 17 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இந்த நோய் வரும் என்று 2009-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறியது. அந்தத் தச்சர்கள் அறுத்தது பெரும்பாலும் பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் பலகை, நம் ஷீட்டைவிடக் கொடியது. அதை மறைக்க மாட்டேன். நான் சுட்டுவது வேறு. பொருளைச் செய்த இடத்தைவிட, அறுத்த இடத்திலும் பிரித்த இடத்திலும்தான் சாவு அதிகம் விழுந்தது. கண்காணிப்பாளரோ காற்று அளக்கும் கருவியோ இல்லாத இடங்கள் அவை.

வெள்ளைக்கு வருவோம். மீசோதிலியோமாவைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் வெள்ளையைவிட வீரியமானவை என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. குறைந்த வீரியம் என்பதை இங்கே பாதுகாப்பு என்று மாற்றிப் படிக்கிறார்கள், அதைத்தான் மறுக்கிறேன். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும், வெள்ளையையும் சேர்த்து, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானது என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2012-ல் வெளியான தொகுதியில் நுரையீரலோடு குரல்வளையையும் கருப்பையையொட்டிய சூலகத்தையும் பட்டியலில் சேர்த்தது. இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்லும்படியான எல்லை எதுவும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குக் காணப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1998 ஆவணம் சொல்கிறது. நமக்கு விற்கிறவர்களின் நடத்தையையும் பாருங்கள். கனடா பல காலம் நமக்கு வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை ஏற்றுமதி செய்தது. அதே காலத்தில் தன் நாடாளுமன்றக் கட்டடங்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்றிக்கொண்டிருந்தது. 2018-ல் முழுத் தடையே விதித்துவிட்டது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017-ல் தடை செய்தது. அதன் பிறகு அங்கே கோயாஸ் மாநிலம், ஏற்றுமதிக்கு மட்டும் தோண்டலாம் என்று சட்டம் போட்டது. ஏற்றுமதியாகும் அந்த நார் வந்து இறங்கும் துறைமுகங்களில் நம்முடையவையும் உண்டு. நாமே நம் சுரங்கங்களுக்கு 1986-ல் புதுக் குத்தகையை நிறுத்தினோம். 1993-ல் பழைய குத்தகையைப் புதுப்பிப்பதையும் நிறுத்தினோம். தோண்டக் கூடாது, இறக்குமதி செய்யலாம் என்றால் அந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் இந்தியா இறக்குமதி செய்வது 3 லட்சம் டன்னுக்கும் மேல். ஷீட்டில் நாரின் பங்கு பத்தில் ஒன்று என்றால், ஆண்டுக்கு 30 லட்சம் டன் கூரையும் குழாயும் புதிதாக நாட்டில் சேர்கின்றன. அத்தனையும் ஒருநாள் பிரிக்கப்பட வேண்டியவை.

“கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தினால் பாதுகாப்பு” என்பதுதான் தொழில்துறையின் நிலைப்பாடு. அரசுகளும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த வாதம் ஒருமுறை உலக அளவில் விசாரிக்கப்பட்டுத் தோற்றது என்பது நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை. பிரான்ஸ் 1997 ஜனவரி முதல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. கனடா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தினால் போதுமே, முழுத் தடை எதற்கு என்பதுதான் கனடாவின் வாதம். வர்த்தகத்துக்குத் தடை போடும் நாடுகளை எளிதில் விட்டுவிடாத அந்த அமைப்பு, 2000-ல் நடுவர் குழுவிலும் 2001-ல் மேல்முறையீட்டிலும் பிரான்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் கட்டுப்பாடு ஓரளவு சாத்தியம் என்று வைத்துக்கொண்டாலும், கட்டட வேலையிலும் தன் வீட்டைத் தானே பழுதுபார்ப்பவர்களிடமும் அது நடக்காது என்பதை நடுவர் குழு ஏற்றது. பிரான்ஸில் நடக்காத கட்டுப்பாடு நம் ஊரில், தினக்கூலிக்கு வந்த ஒருவர் சம்மட்டியோடு நிற்கும் கூரையில், நடந்துவிடுமா?

நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் மனிதாபிமானமான தீர்ப்பொன்றை வழங்கியது. உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது காப்பாற்றுவது ஹாஜர் பட்டியலில் பெயர் உள்ளவரை. அரக்கோணத்திலும் போத்தனூரிலும் ஷீட் ஆலைக்குள் வேலை செய்பவருக்கு ஒரு பதிவேடு உண்டு. அந்த ஆலையிலிருந்து போன ஷீட்டை முப்பது வருஷம் கழித்து விருத்தாசலத்தில் உடைக்கும் பெண்ணுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. தடை கோரிய இன்னொரு வழக்கை 2011-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோதும், 1995-ன் கட்டளைகளைத்தான் மறுபடி நினைவூட்டியது.

உடைத்த துண்டுகள் எங்கே போகின்றன? நம் ஊரில் இடிபாட்டுக்கு “ரப்பிஸ்” என்று பெயர், அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. பள்ளமான மனையை மேடாக்க, ஏரிக்கரையில் பாதை போட, மழையில் சேறாகும் சந்தை நிரவ, ஒரு லோடு ரப்பிஸ் கேட்டு வாங்குகிறார்கள். செங்கல்லோடும் காரையோடும் ஷீட் துண்டுகளும் அங்கே போகின்றன. சைக்கிளும் டிராக்டரும் ஏறி ஏறி வருஷக்கணக்கில் அவற்றை அரைக்கின்றன. இத்தாலியின் காசாலே மொன்ஃபெராட்டோ நகரம் இதே தவற்றுக்குக் கொடுத்த விலை எல்லோரும் அறிந்தது. 1907 முதல் 1986 வரை அங்கே ஓடிய எடெர்னிட் ஆலையின் கழிவை ஊர்க்காரர்கள் இலவசமாக வாங்கி முற்றத்திலும் பாதையிலும் பரப்பினார்கள், பரணில் வெப்பத்தடுப்பாகக் கொட்டினார்கள். ஆலைக்குப் போகாதவர்களும் சாகத் தொடங்கினார்கள். ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்த ஊரில் மீசோதிலியோமா சாவுகள் நிற்கவில்லை.

இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாட்டை அரைத்து மணலாகவும் ஜல்லியாகவும் மாற்றும் ஆலைகள் வந்துவிட்டன. நல்ல திட்டம், மற்ற நகரங்களுக்கும் வரவேண்டும். ஆனால் லாரியில் ஏற்றும் இடத்திலேயே ஷீட்டையும் பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப்பையும் பிரித்து வைக்காவிட்டால், அந்த அரவை இயந்திரம் கட்டிங் மெஷின் செய்வதை ஆயிரம் மடங்காகச் செய்யும்.

இங்கேதான் கடைசி அரண் ஒன்றை எழுப்புகிறார்கள். வெளிநாட்டில் விண்வெளி வீரர் மாதிரி உடை போட்டு, வீட்டையே பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அடைத்து, லட்சக்கணக்கில் செலவழித்து எடுக்கிறார்கள். நம்மால் ஆகுமா என்கிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவே அதிகம் கெடுதல் செய்வது, ஏனெனில் இது நியாயம்போல ஒலிக்கிறது. அந்தக் கூடாரமும் உடையும் பாய்லர் மேல் சுற்றிய பூச்சுக்கும் உத்திரத்தில் தெளித்த நாருக்கும் உரியவை. தொட்டாலே உதிரும் பொருள்கள் அவை. நம் ஊரில் பழைய மில்லையோ மின்நிலையத்தையோ உடைக்கும்போது அவை வரும். அங்கே அந்த முழு ஏற்பாடும் வேண்டும், குறைக்கக் கூடாது. வீட்டுக் கூரையின் சிமெண்ட் ஷீட் வேறு வகை. ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் கண்டிப்புக்குப் பெயர்போன பிரிட்டன்கூட, நல்ல நிலையில் உள்ள சிமெண்ட் ஷீட்டைக் கழற்ற உரிமம் கேட்பதில்லை. பயிற்சி, முறையான முகக்கவசம், கழற்றும் முறை, கழிவைக் கட்டி அனுப்புதல் இவற்றைத்தான் கேட்கிறது.

அந்த முறையில் நம்மால் ஆகாதது எதுவும் இல்லை. முதலில் ஷீட்டை நனைக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்தால் நன்றாக ஊறும், பீய்ச்சி அடிக்காமல் மெல்லத் தெளிக்க வேண்டும். வேலை முடியும் வரை ஈரம் காயக் கூடாது. போல்ட்டைக் கழற்ற வராவிட்டால் போல்ட்டின் கம்பியைக் கட்டரால் வெட்டலாம். கட்டர் ஷீட்டைத் தொடக் கூடாது. முழு ஷீட்டாக இருவர் பிடித்துக் கீழே இறக்க வேண்டும், எறியக் கூடாது. ஷீட் மேல் காலே வைக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் வியாதி வர முப்பது வருஷம் ஆகும். ஷீட் உடைந்து கீழே விழுந்தால் சாவு அந்த நிமிஷமே. எனவே சாரமோ பலகையோ வேண்டும். முகத்துக்குத் துண்டும் துணி மாஸ்க்கும் பயன்படாது, எஃப்.எஃப்.பி.3 வகை வேண்டும், தாடி இல்லாத முகத்தில் இடைவெளி விடாமல். இறக்கிய ஷீட்டை ஈரமாகவே தடித்த பாலிதீனில் சுற்றி ஒட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுத வேண்டும். இடத்தைப் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பாலிதீனில் போட வேண்டும். போட்டிருந்த உடையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. இவ்வளவுக்கும் கூடுதலாக ஆகும் செலவு ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டு ஆள் கூலியும், பாலிதீன் சுருளும், நல்ல மாஸ்க்குகளும். வாசல் நிலைக்குத் தேக்கா வேம்பா என்று யோசிக்கும் எந்த வீட்டுக்காரருக்கும் இது எட்டாத தொகை இல்லை.

அந்தப் பொட்டலத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்விக்கு மட்டும் தனி மனிதரிடம் விடை கிடையாது. அபாயக் கழிவைப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. 2016-ன் அபாயக் கழிவு விதிகள், கைவிடப்பட்ட ஆஸ்பெஸ்டாஸை அட்டவணையிலும் வைத்திருக்கின்றன. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் பொருள்களின் உற்பத்தி என்ற தலைப்புக்குக் கீழே. ஆலைக்கு வழி இருக்கிறது. திருவாரூரில் பத்து ஷீட்டைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் ஆசிரியருக்கு வழி இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கழிவை அகற்றுவதற்கான பரிந்துரைகளை, ஐ.எஸ். 11768 என்ற எண்ணில், நம் தர நிர்ணய அமைப்பு 1986-லேயே எழுதிவிட்டது. அதே ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 162-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பிரிப்பு வேலையைத் தகுதி பெற்றவர்கள்தான் முன்கூட்டியே திட்டம் எழுதிச் செய்ய வேண்டும் என்றது. இந்தியா அதில் இன்றுவரை சேரவில்லை. ஆக, என்ன செய்ய வேண்டும் என்பது ஏறக்குறைய நாற்பது வருஷமாகத் தெரியும். பிரிப்பவர் கைக்கு அது வந்து சேரவில்லை.

ஏழைக்கு வேறு கூரை ஏது என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. கீற்றுக் கூரை தீப்பிடித்து ஒரு தெருவே எரிந்ததைப் பார்த்தவர்கள் ஷீட்டுக்கு மாறியதில் நியாயம் இருந்தது. 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. ஆனால் இன்றைக்கு வழி ஒன்றில்லை, பல இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வார்க்கும் அதே வகை இயந்திரத்தில், செயற்கை நாரும் காகிதக்கூழும் கலந்து ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் ஷீட் வார்க்க முடியும், வார்க்கவும் செய்கிறார்கள். வண்ணம் பூசிய இரும்புத் தகடு இருக்கிறது. ஓடு இருக்கிறது. இவை சற்று விலை கூடியவை என்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் விலையில், அதைப் பிரிக்கும் செலவும் புதைக்கும் செலவும் சேர்க்கப்படவில்லை. விற்றவர் கொடுக்காத அந்தப் பாக்கியைத் தன் நுரையீரலால் அடைப்பவரும் ஒரு ஏழைதான். ஏழையின் பெயரால் ஆஸ்பெஸ்டாஸுக்காக வாதாடுகிறவர்கள் இந்த ஏழையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தப் பாக்கியை வசூலிப்பது எளிதாக இருக்காது. இலங்கை 2018 முதல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை நிறுத்த முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை போட்டது. அதே மாதத்தில் இலங்கை தன் ஆஸ்பெஸ்டாஸ் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலைக்கு வழி திறந்தது. மலையகத் தமிழர் பறித்த கொழுந்து பேரத்தில் வைக்கப்பட்டது. நார் விற்கும் நாடுகளின் பிடி அவ்வளவு இறுக்கம். இந்தியா இலங்கையைப் போலச் சிறிய நாடில்லை; அந்த நாருக்கு உலகிலேயே பெரிய சந்தை நாம்தான். வாங்க மாட்டேன் என்று சொல்லும் பலம் நமக்கு இருக்கிறது. சொல்லத் தயங்கும் வரையாவது, இறக்குமதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகையைப் பிடித்துப் பிரிப்பு நிதி ஒன்றை வைக்கலாம்.

டெல்லி அதைச் செய்யும் வரை இங்கே காத்திருக்கத் தேவையில்லை. மாநகராட்சியில் கட்டடம் இடிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுக்கிறோம். அதில் இரண்டு கேள்விகள் சேரட்டும்: இந்தக் கட்டடத்தில் ஷீட், ஏ.சி. பைப், பாய்லர் பூச்சு எங்கெங்கே இருக்கிறது? அதை யார், எப்படிக் கழற்றப்போகிறார்கள்? ஷீட்டை முழுதாக இறக்கிக் கட்டி வைத்தபின்தான் ஜே.சி.பி. உள்ளே வரலாம் என்று அனுமதியில் எழுதட்டும். மாவட்டத்துக்கு ஒரு இடம் ஒதுக்கி, மாதத்தில் ஒரு நாளாவது பொட்டலங்களைக் காசு வாங்காமல் எடுத்துக்கொள்ளட்டும். காசு கேட்டால் அவை இரவோடு இரவாக ஏரியில் விழும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கும் இடிப்பு வேலைக்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் மாஸ்க்கும் கொடுத்து, அவர்களுடைய அட்டையில் இந்த வேலை செய்தவர் என்று குறிக்கட்டும். முப்பது வருஷம் கழித்து எக்ஸ்ரேயைக் கையில் வைத்திருக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி போதும்.

இந்த வருஷமே ஷீட் வீட்டைப் பிரிக்கப்போகிறவர்கள் மேஸ்திரியிடம் இப்படிப் பேசுங்கள்: “அண்ணே, ஷீட்டை உடைக்க வேணாம். தண்ணி அடிச்சு, போல்ட்டை வெட்டி, முழுசா இறக்குங்க. மெஷின் போட வேணாம். மாஸ்க்கும் பாலிதீனும் நான் வாங்கித் தர்றேன். எத்தனை நாள் கூட ஆகுதோ அதுக்குச் சம்பளம் தர்றேன்.” அவர் சிரிக்கலாம், நாலு நாள் வேலையை ஏழு நாளாக்குகிறீர்களே என்று முனகலாம். சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். கட்டி வைத்த ஷீட்டுகளை எங்கே கொண்டுபோவது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி நூறு மனுக்கள் மேஜையில் சேர்ந்தால், இடம் ஒதுக்கச் சொல்லி மேலே எழுத அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.